வாய்க்கால் குடித்த தண்ணீர்

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் இந்தக் கிழமை முழுவதும் ஒரே சண்டை. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகளைக் குறைந்த வெட்டுப்புள்ளியில் பல்கலைக்கழகத்துக்கு எடுப்பது நியாயமா என்று யாரோ கேட்கப்போய், கனடாவில் இருக்கும் ஒருவர் எழும்பிய கையோடு நீளமாக எழுதியிருந்தார். வாய்ப்பை எல்லோருக்கும் சமனாகக் கொடுத்தால் காணுமாம். அதற்கு மேல் முடிவும் சமனாக வரவேண்டும் என்று கேட்பது உழைக்கப் பஞ்சிப்படுகிறவர்களின் கதையாம். கீழே வரிசையாகக் கைதட்டுகிற படங்கள் விழுந்திருந்தன.

நானும் பதில் எழுதப் பார்த்தேன். கோபம் வந்தால் எனக்குக் கைபேசியில் விரல் ஓடாது. அதனால் கடதாசியில் எழுதுகிறேன். நாமெல்லாம் ஐம்பதின் வாசலுக்கு வந்துவிட்டவர்கள். தலைக்கு மை பூசுகிறவர்கள் பூசுகிறோம், விட்டவர்கள் விட்டுவிட்டோம். ஒரு பத்து வயதுக் கதையை இருந்து கேட்க இப்போதாவது உங்களுக்கு நேரமிருக்கும் என்று நினைக்கிறேன்.

நாமெல்லாம் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் சந்திப்பதற்கு முந்திய வருஷம். நீங்கள் உங்கள் உங்கள் ஊரில் புலமைப்பரிசில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். யுத்தத்தோடு வந்த பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் வராது, சீமெந்து வராது, பற்றரி வராது, சவர்க்காரம் வராது. பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தோமே, ஞாபகமிருக்கிறதா? வகுப்பு முழுவதும் பனம்பழ மணமாக இருக்கும். கொடியில் காயப்போட்ட என் வெள்ளைச் சட்டையின் கையை ஒருநாள் மாடு சப்பிவிட்டது. அந்தக் கையோடுதான் சோதனைக்கும் போனேன்.

எங்கள் ஊர் வலிகாமத்துச் செம்மண் ஊர். அப்பு, அதாவது என் அப்பாவான ஐயாவின் தகப்பனார், சாகும் முன்பே தோட்டத்தைப் பிள்ளைகள் மூவருக்கும் சரிசமனாகப் பிரித்துவிட்டார். கிணறு இருந்த துண்டு பெரியப்பாவுக்கு, அதற்கடுத்தது ஐயாவுக்கு, கடைசித் துண்டு ஐயாவின் தங்கச்சியான மாமிக்குச் சீதனம். மூன்றும் ஒரே அளவு. கிணற்றிலும் மூவருக்கும் ஒரே பங்கு. காணி உறுதியில் வழி வாய்க்கால் கிணற்றுப் பங்கு என்று வடிவாக எழுதியிருந்தது. அப்பு நியாயமான மனிதர் என்று ஊரே சொல்லும்.

ஐயா அப்புவின் பிள்ளைதான். வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டு ஆயுள் முழுவதும் வழக்காடுகிற ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட ஊரில் எல்லை அளக்க ஐயா கயிறு பிடித்தால் இரண்டு பக்கமும் வாய் மூடும். வீட்டில் பலாப்பழம் வெட்டினாலும் சுளை எண்ணித்தான் தருவார். எனக்கும் அண்ணைக்கும் ஒரே எண்ணிக்கை. அம்மா அடுப்படியில் இருந்து, "ஓம், கோடு தொடங்கிட்டுது, நீதவான் வந்திட்டார், எல்லாரும் எழும்பி நில்லுங்கோ" என்பார். ஐயாவுக்குச் சிரிப்பு வராது.

அந்த வருஷம் மண்ணெண்ணெய் சங்கக்கடையில் கூப்பனுக்கு அளந்துதான் கிடைத்தது. மூன்று வீட்டு எண்ணெயையும் ஒரே கானில் ஊற்றி, பொது இறைப்பு மிசினுக்கென்று ஐயாவின் பொறுப்பில் வைத்தார்கள். முன்பெல்லாம் மணிக்கணக்கில் முறை பிரிப்பார்கள். எண்ணெய் அருமையானதும் ஐயா சட்டத்தை மாற்றினார். ஒருவருடைய முறைக்கு இரண்டு போத்தல் எண்ணெய். அது தீரும்வரை மிசின் ஓடும், தீர்ந்தால் நிற்கும். யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போத்தலும் ஒரே போத்தல்தான், கழுத்தில் சணல் கட்டிக் கிணற்றடி ஆணியில் தொங்கும்.

மாமியின் முறைக்கு ஐயா எண்ணெய் ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். புனலில் ஒட்டியிருந்த துளியையும் தட்டித் தட்டி விழுத்துவார். போத்தலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். தங்கச்சியின் பங்கில் ஒரு சொட்டுக்கூடத் தன்னிடம் தங்கிவிடக் கூடாது என்று அவருக்கு அவ்வளவு கவனம். அவர் கள்ளமில்லாத மனிதர். இதை நீங்கள் மறக்கக் கூடாது, மறந்தால் நான் சொல்லவந்தது உங்களுக்கு விளங்காது.

கிணற்றடியில் இருந்து எங்கள் காணி எல்லை வரைக்கும் சீமெந்து வாய்க்கால். நல்ல காலத்தில் பெரியப்பாவும் ஐயாவும் கட்டியது. மாமாவும் தன் பக்கத்தைக் கட்டுவதாக இருந்தார். அதற்குள் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார், பிறகு சீமெந்துக்கும் தடை வந்துவிட்டது. எங்கள் எல்லையைத் தாண்டி வேறொருவரின் பனங்கூடல். அதன் ஓரத்தால் மண்வாய்க்காலில் நெடுந்தூரம் ஓடித்தான் தண்ணீர் மாமியின் காணிக்குப் போகவேண்டும்.

கோடையில் வீசுகிற சோளகக் காற்றில் காய்ந்து கிடக்கிற மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? சுர் என்று ஒரு சத்தம், கூடவே சின்னச் சின்னக் குமிழிகள். பனை வேருக்குக் கீழே எலிப்பொந்துகள் வேறு. மச்சாள், மாமியின் ஒரே மகள், என் வயதுதான், வாய்க்கால் நீளத்துக்கும் ஓடி ஓடிக் காலால் மண்ணை மிதித்துப் பொந்துகளை அடைப்பாள். ஒன்றை அடைத்தால் இன்னொன்று வாய் திறக்கும். மாமி காணிக்குள் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நிற்பார். முதல் பாத்திகள் நனையும். நடுப் பாத்திகளுக்குத் தண்ணீர் போகிறபோது தூரத்தில் மிசின் இருமத் தொடங்கும். அந்த இருமலைக் கேட்டதும் மச்சாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அப்படியே வாய்க்கால் வரம்பில் குந்திவிடுவாள்.

கடைசிப் பாத்திகள் ஒவ்வொரு முறையும் காய்ந்தே கிடந்தன. எங்கள் காணியில் எல்லாப் பாத்தியும் நனைந்து, சில வேளை புல்லுக்கும் தண்ணீர் பாயும்.

மாமிக்கு அந்த வெங்காயத்தில்தான் எல்லாம் இருந்தது. பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்புவது எங்கள் வீட்டில் எப்போதோ தீர்மானமான விஷயம், சோதனை பாஸ் பண்ணினாலும் சரி, விட்டாலும் சரி. மாமி சொல்லியிருந்தார்: "பாஸ் பண்ணினா உதவிப் பணத்திலை போவாள். பண்ணாட்டி வெங்காயம் அனுப்பும். ரெண்டிலை ஒண்டு சரிவந்தாக் காணும்." மச்சாள் என்னைவிடக் கெட்டிக்காரி. இதைத் தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை, அப்போதே எனக்கு அதில் எரிச்சல் இருந்தது.

ஒரு பின்னேரம் ஐயா கிணற்றடியில் மிசினைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா தொட்டியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். மாமி வந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே?"

"கேளன்."

"எண்ணெயைக் கூட்டித் தாங்கோ எண்டு கேக்கேல்லை. தண்ணி என்ரை காணி வாசலுக்கு வந்து சேர்ந்தாப் பிறகு என்ரை போத்தலை எண்ணுங்கோ. அதுவரைக்கும் ஓடுற எண்ணெயை மூண்டு பேரின்ரை பங்கிலையும் போடுங்கோ. வாய்க்கால் குடிக்கிறது நான் குடிக்கிறதே?"

ஐயா துணியைக் கீழே வைத்தார். "உனக்கு நான் ஒரு சொட்டுக் குறையத் தந்தனானே?"

"இல்லை அண்ணை."

"நாங்கள் ஒரு சொட்டுக் கூட எடுத்தனாங்களே?"

"அதுவும் இல்லை."

"பேந்தென்ன? ஒரே கிணறு, ஒரே மிசின், ஒரே போத்தல். அங்காலை மண் குடிக்குது, எலி குடிக்குது எண்டா அதுக்கு நான் என்ன செய்யிறது? தங்கச்சி எண்டு உனக்குக் கூட ஊத்திப்போட்டு, நாளைக்கு ஆரின்ரை காணியிலையும் நான் என்னெண்டு கயிறு பிடிக்கிறது?"

பெரியப்பா தொட்டியடியில் இருந்தே சொன்னார்: "அப்பு பிரிச்ச பங்கு பிள்ளை. அதிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது."

"ஒருக்கால் கடைசிப் பாத்தியை வந்து பாருங்கோ அண்ணை. வேறை ஒண்டும் வேண்டாம்."

"பாக்க என்ன கிடக்கு. எனக்குக் கணக்குத் தெரியும்."

அவர் போகவில்லை. பனங்கூடலைத் தாண்டிப் போக ஒரு சுருட்டுப் பற்றுகிற நேரம்கூட ஆகாது. அந்தச் சோளகம் முழுவதும் அவர் அந்தப் பக்கம் போகவேயில்லை. தான் கொடுப்பதைத்தான் அவர் பார்த்தார். போய்ச் சேர்வது அவருடைய பார்வைக்குள் வரவில்லை.

அன்றிரவு சாப்பாடு போடுகிறபோது அம்மா சொன்னார்: "உங்கடை தங்கச்சி பிச்சை கேட்டு வரேல்லை. வழி கேட்டு வந்தவ." ஐயா, "உனக்கு உது விளங்காது" என்றார். நான் இந்தச் சண்டைகளில் யாருக்கு நியாயம் என்று யோசித்த பிள்ளையல்ல. மீன் குழம்பு ஆறுகிறதே என்று இருந்தது.

அதற்குப் பிறகு மாமியும் மச்சாளும் கடைசிப் பாத்திகளுக்குக் கையால் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள். கிணற்றில் வாளியால் அள்ளி, குடத்தில் இடுப்பிலேந்தி, விடியப்புறத்தில் பனங்கூடல் ஓரத்தால் நடப்பார்கள். அந்தக் குடம் பித்தளை, வெறுமையாகவே பாரமானது. மாமியின் கல்யாணத்துக்கு அப்பு கொடுத்தது. வாய்ப்பக்கம் நெளிந்து, நடக்கும்போது தண்ணீர் அந்த நெளிவால் சிந்தி மச்சாளின் பாவாடையின் ஒரு பக்கம் எப்போதும் நனைந்திருக்கும். இடப்பெயர்வில் அந்தக் குடம் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது.

விடியப்புறத்தில்தான் பள்ளிக்கூடத்தில் சோதனைக்கான விசேட வகுப்பும் நடந்தது. தலைமை வாத்தியார் தானே இலவசமாக எடுத்தார். மற்ற வாத்திமார் ரியூசனில் சம்பாதிக்கிறபோது அவர் ஒரு சதம் வாங்கவில்லை. அவரையும் நான் குறை சொல்லப் போவதில்லை. அவருக்கும் ஒரு சட்டம் இருந்தது. மணி அடித்த பிறகு வருகிறவர் யாராயிருந்தாலும் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். டொக்டரின் மகனும் ஒருநாள் வெளியே நின்றிருக்கிறான். அதனால் ஒருவரும் அந்தச் சட்டத்தைக் குறை சொல்லவில்லை.

மச்சாள் அநேகமாக வரமாட்டாள். வந்தால், முழங்கால் வரைக்கும் சிவந்த சேற்றோடு வாசலில் நின்று கேட்பாள். ஒருநாள் வாத்தியார் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். ஒரு குழாயால் தண்ணீர் வந்தால் தாங்கி இவ்வளவு நேரத்தில் நிரம்பும், இரண்டு குழாயால் வந்தால் எவ்வளவு நேரம் என்பது கேள்வி. நாங்கள் எல்லோரும் குனிந்து போட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் இருந்து மச்சாள் கேட்டாள்:

"சேர், குழாய்க்கும் தாங்கிக்கும் நடுவிலை எவ்வளவு தூரம்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வாத்தியாரும் சிரித்துக்கொண்டு, "தூரம் கணக்கிலை இல்லைப் பிள்ளை" என்றார். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவள் வகுப்புக்கு வருவதில்லை என்று அம்மா வாத்தியாரிடம் போய்ச் சொன்னபோது அவர் சொன்ன பதிலை அம்மா வீட்டுக்கு வந்து அப்படியே சொல்லிக் காட்டினார்: "வாசல் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கு. வாறதும் வராததும் அவையின்ரை பாடு."

சோதனை மண்டபத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி அவள் இருந்தாள். ஒரே வினாத்தாள், ஒரே மணி. கணக்கை என்னைவிட முந்தி முடித்துவிட்டாள் என்று பென்சிலைக் கீழே வைத்ததிலேயே தெரிந்தது. பிறகு நுண்ணறிவுப் பகுதி. பெட்டிக்குள் பெட்டி, வரிசையில் அடுத்து வரும் உருவம் எது, அந்த மாதிரி. விடியப்புற வகுப்பில் எங்களுக்கு அதையே தீட்டித் தீட்டிப் பழக்கியிருந்தார்கள். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது கேட்டாள்: "அந்தப் பெட்டிக் கேள்வியள் உங்களுக்குப் படிப்பிச்சதோ?"

"ஓம்."

"எப்ப?"

"விடிய வகுப்பிலை."

"நான் வராத நாளாக்கும்" என்றாள். பிறகு சைக்கிளில் என்னை ஏற்றி மிதித்துக்கொண்டு வந்தாள். எதிர்க்காற்று. வழி முழுவதும் அவள்தான் மிதித்தாள்.

ஆடி முடிகிறபோது வெங்காயம் கிண்டினார்கள். எங்கள் வீட்டுக் கொட்டிலில் பிடி பிடியாகக் கட்டித் தூக்கினோம், மணம் கண்ணைக் கரித்தது. மாமியின் முதல் பாத்திகளில் நல்ல காய். நடுவில் நடுத்தரம். கடைசிப் பாத்திகளில் பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற போளையளவுதான். கையால் ஊற்றிய தண்ணீர் அவற்றை உயிரோடு வைத்திருந்தது, பருக்க வைக்கவில்லை. நல்ல காய் சாப்பாட்டுக்கும் கடனுக்கும் போய்விட்டது. மிஞ்சியது அடுத்த போகத்துக்கு விதை வெங்காயத்துக்கும் காணாது. மாமி அந்தச் சின்னக் காய்களைச் சாக்கில் பரவி வைத்துக்கொண்டு, நல்லதாக ஏதாவது கிடக்குமா என்று திரும்பத் திரும்ப விரலால் கிளறிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் சந்தையில் சின்ன வெங்காயத்தை யாராவது கிளறினால் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

சோதனை முடிவு வந்தது. நான் பாஸ். அவள் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே.

வீட்டில் பொங்கினார்கள். சீனி கிடையாது, பனங்கட்டிதான். மாமியும் மச்சாளும் வந்தார்கள். மாமி என் தலையைத் தடவி நெற்றியில் கொஞ்சினார். பெரியப்பா ஏதோ சொல்ல, ஐயா சந்தோஷத்தில் சத்தமாகச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாத்தியார், ஒரே பேப்பர். இதிலை ஆரையும் குறை சொல்லேலாது. அவரவற்றை கெட்டித்தனம்." அதைச் சொல்லும்போது அவர் மச்சாளைப் பார்க்கவுமில்லை, அவளை நோகடிக்க நினைக்கவுமில்லை. ஒரு நியாயமான மனிதர் ஒரு நியாயமான விஷயத்தைச் சொன்னார், அவ்வளவுதான். மச்சாள் தன் கிண்ணத்தில் இருந்த புக்கையை முழுவதும் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

தை பிறந்ததும் நான் பட்டணத்துக்கு வந்தேன். அங்கேதான் உங்களையெல்லாம் கண்டேன். அவளை நீங்கள் கண்டதில்லை. அவள் நம் குழுவில் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு நின்றுவிட்டாள். இப்போது கொடிகாமப் பக்கத்தில் வீட்டிலேயே தையல் மிசின் வைத்திருக்கிறாள். போன வருஷம் என் மகளின் சட்டைத் துணியைக் கொடுத்தபோது, அளவு நாடாவை எடுக்காமலே கண்ணால் பார்த்து வெட்டினாள், ஒரு நூல் பிசகவில்லை. நான் ஒரு கந்தோரில் கதிரையில் இருந்து கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு பேருக்கும் கிடைத்த வாய்ப்பு ஒன்றுதான் என்று சொல்ல ஐயா இப்போது இல்லை. தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்திருந்த வீட்டில், சொந்தத் தோட்டத்தைத் திரும்பக் காணாமலே செத்துப்போனார். அவரை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, அழுகைதான் வருகிறது. கெட்டவராக இருந்திருந்தால் மறந்துவிட்டிருப்பேன்.

அந்தப் பங்குனி விடுமுறையில் நான் வீட்டுக்குப் போனபோது நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

விதை வெங்காயம் இல்லாததால் மாமி காணியை ஐயாவுக்கே குத்தகைக்கு விட்டிருந்தார். உதவியாகத்தான் ஐயா எடுத்தார், வெளியாளுக்குப் போகக் கூடாதென்று. மாமியும் மச்சாளும் அதே காணியில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கினார்கள். தன் கையால் அந்தத் தரைக்கு முதல்முறை தண்ணீர் மாறப் போன ஐயா, கடைசிப் பாத்தி காய்ந்து கிடக்க மிசின் நின்றுபோனதைப் பார்த்துக்கொண்டு மண்வெட்டியோடு கனநேரம் நின்றாராம். அம்மாதான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

"அண்ணை, அந்தத் தரைக்குத் தண்ணி போய்ச் சேர்ந்தாப் பிறகு போத்தலை எண்ணுவம். வாய்க்கால் கனக்கக் குடிக்குது."

"ஓம், அது ஞாயந்தானே" என்றாராம் பெரியப்பா.

அவ்வளவுதான். ஒரு சோளகம் முழுவதும் அசையாத சட்டம், சுருட்டுச் சாம்பல் தட்டுகிற நேரத்தில் மாறிவிட்டது. இரண்டு பேருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அம்மா மட்டும் அன்றைக்கு இருவருக்கும் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

நான் பார்த்த நாளில் தண்ணீர் பனங்கூடலைத் தாண்டி நிதானமாக வந்தது. முதல் பாத்தி, நடுப் பாத்தி, பிறகு கடைசி. ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் பாத்தியின் வரம்பில் நின்றார். தண்ணீர் வெங்காயத் தாளின் அடியைச் சுற்றி ஏறி நின்றது. அவருடைய முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதிகம் கண்டதில்லை. பக்கத்தில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த மாமியைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வந்து பார் தங்கச்சி. கடைசிப் பாத்தி வரைக்கும் தண்ணி என்ன வடிவாய் நிக்குது."

அதில் குத்தல் எதுவும் இல்லை. நல்லதொன்றைத் தன் தங்கச்சிக்குக் காட்ட ஆசைப்பட்டார். மாமி கையில் புல்லோடு எழும்பி வந்து பார்த்தார். மச்சாள் நிமிரவில்லை.

"ஓம் அண்ணை. நல்லா நிக்குது" என்றார் மாமி. பிறகு குனிந்து, வரம்பில் கசியத் தொடங்கிய இடத்தில் ஒரு பிடி மண்ணை வைத்து அமத்தினார். "காணும். வழியப் போகுது. மிசினை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

ஐயா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் வாய்க்கால் ஓரத்தால் ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் மிசினை நிறுத்தினார். மிசின் தாங்கியில் இன்னும் எண்ணெய் கிடந்தது.